இறைவன் அம்மையென்று அழைத்த காரைக்கால் பெண்மணி

சிவாலயத் திருச்சுற்றுகளில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் வரிசையாக எழுந்தருளியிருக்கக் கண்டு வணங்கிய அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கைகூப்பி நிற்கும் அவ்வடியார் கூட்டத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்த கோலத்தில் காட்சி தருவார். வற்றிய உடல், வெளியே தெரியும் விலா எலும்புகள், ஒட்டிய கன்னம், கையிலே தாளம். அவரே காரைக்கால் அம்மையார். நாயன்மார்களுள் பெண்பாலர் மூவர். அவர்களுள் மங்கையர்க்கரசியார் நின்றசீர் நெடுமாற பாண்டியரின் தேவியார்; இசைஞானியார் சுந்தரமூர்த்தி சுவாமிகளை ஈன்ற அன்னையார். இன்னாரின் மனைவியார், இன்னாரின் தாயார் என்று எவரையும் சார்ந்து நில்லாமல், தம் பாட்டாலும் தவத்தாலும் மட்டுமே அறியப்பெறுபவர் அம்மையார் ஒருவரே.

அம்மையாரின் மாம்பழக் கதையைத் தமிழ்த் தொடக்கப்பள்ளியில் பயின்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1973ஆம் ஆண்டு ஏ. பி. நாகராசன் இயக்கிய திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாராகத் தோன்றிப் பாடியது மூத்த அன்பர்களின் செவிகளில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆயினும் மாம்பழத்தோடு கதையை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவ்வாறு முடிப்பது இயல்பே. கணவன் மனைவியை விட்டு நீங்கிய செய்தியைச் சிறுவர்களிடம் எவ்வாறு விரித்துரைப்பது? ஆனால் வளர்ந்தவர்களாகிய நாமும் அங்கேயே நின்றுவிடுகிறோம். மாம்பழம் மறைந்த பின்னரே அம்மையாரின் வாழ்க்கை தொடங்குகிறது என்பது அடியேனின் கருத்து.

அம்மையார் வாழ்ந்த காலம் 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர். திருஞானசம்பந்தருக்கு முற்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அவருடைய வரலாற்றை நமக்கு விரித்துத் தந்தவர் சேக்கிழார் பெருமான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர் அவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே மனிதமனத்தின் மூலைமுடுக்குகளையெல்லாம் அறிந்தவர் என்பதால் அடியேனைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு அவர்பால் ஒரு தனி உரிமை உண்டு! பெரியபுராணத்தில் அம்மையாருக்கென அவர் ஒதுக்கிய பாடல்கள் 66. அவற்றுள் அற்புதங்கள் உண்டு. ஆனால் அற்புதம் நிகழும்போது வீட்டிலுள்ளோர் என்ன நினைத்தார்கள், எவ்வாறு நடுங்கினார்கள் என்பதையே அவர் நின்று நிதானித்துப் பாடுகிறார்.

காரைக்கால் அந்நாளிலேயே வங்கங்கள் வந்து சேரும் கடற்கரைப் பட்டினம். அங்கே வணிகர்குலத் தலைவனாகிய தனதத்தனுக்கு ஒரே மகளாகத் தோன்றியவர் புனிதவதியார். மொழி பயிலும் பருவம் தொட்டே இறைவன்பால் அன்பு கொண்டிருந்தார். உரிய பருவத்தில் நாகப்பட்டினத்து நிதிபதி என்னும் வணிகனின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் முடித்தனர். மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன், மணமக்களை நாகைக்கு அனுப்பாமல் தன் மாளிகையின் அருகிலேயே தனி இல்லம் அமைத்து, அளவற்ற பொருளும் கொடுத்தான். பரமதத்தன் அச்செல்வத்தைக் கொண்டு வாணிகத்தை மேலும் பெருக்கினான். மாமனாரின் ஊரில், மாமனார் கட்டிய வீட்டில் வாழ்ந்தான் ஆயினும் சோம்பியிருந்தவன் அல்லன். சேக்கிழார் அவனை ஓரிடத்திலும் இழித்துப் பேசவில்லை என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒருநாள் கடைக்கு வந்தவர்கள் இரண்டு மாங்கனிகளை அவனிடம் கொடுத்தனர். அவற்றை வீட்டிற்கு அனுப்பிவைத்தான். அவ்வேளையில் பசியால் தளர்ந்த சிவனடியார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். சோறு ஆயிற்று, கறியமுது ஆகவில்லை. அடியாரின் பசியோ பொறுக்கும் தரத்ததன்று. புனிதவதியார் கனிகளுள் ஒன்றை எடுத்துச் சோற்றுடன் படைத்தார். கணவனைக் கேட்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. பெரியபுராணத்தில் வேறு பல இல்லங்களிலும் அடியார்க்கு விருந்து நடக்கிறது. இயற்பகை நாயனார் கதையில் மனைவியையே அடியாருக்கு ஈந்துவிடுகிறார் கணவர். முடிவெடுப்பவர் அவர், அம்முடிவுக்கு இசைபவர் அம்மையார். காரைக்கால் இல்லத்தில் முடிவெடுத்தவர் மனைவி. பொருள் சிறிது, ஒரு மாங்கனிதான். ஆயினும் அம்முடிவு அவருடையது.

நண்பகலில் உணவுண்ண வந்த கணவனுக்கு எஞ்சிய கனியை வைத்தார். அதன் சுவையில் மகிழ்ந்த அவன் மற்றதையும் கேட்டான். உள்ளே சென்று செய்வதறியாது நின்றவர் இறைவனை நினைந்தார். கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்ட பரமதத்தன், முன்னதினும் மேலாகிய, மூவுலகிலும் பெறுதற்கரிய சுவையை உணர்ந்து, இஃது எங்கே கிடைத்தது என்று வினவினான்.

இவ்விடத்தில் சேக்கிழார் காட்டும் நுட்பம் பெரிது. இறைவன் தமக்குச் செய்த அருளை வெளியே சொல்லுதல் தகாது. கணவன் கேட்டதற்கு விடை சொல்லாது மறைத்தல் கற்புடை மனைவிக்குத் தகாது. இரண்டு அறங்களுக்கு இடையே சிக்கிப் புனிதவதியார் நடுங்குகிறார். ஒரு பெண்ணின் அந்தரங்கமும், அவள் ஏற்றுக்கொண்ட மனைவி என்னும் பொறுப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. இறுதியில் உண்மையையே உரைத்தார். கணவன் நம்பவில்லை. அவ்வாறாயின் இன்னொன்று வரவழைத்துத் தருக என்றான். மீண்டும் வேண்டினார், மீண்டும் வந்தது. அதனைத் தன் கையில் வாங்கினான் பரமதத்தன். வாங்கிய கனி மறைந்துபோயிற்று.

அவனுடைய அச்சத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நேற்றுவரை தனக்கு உணவு பரிமாறிய மனைவி, தன்னால் அளவிட முடியாத ஒருவராக இன்று எதிரே நிற்கிறார். மனைவி என்பவள் இத்தகையவள், கணவன் அவளுக்கு மேலானவன் என்று உலகம் அவனுக்குக் கற்பித்திருந்த கணக்கு அந்நொடியில் பிழையாயிற்று. இவர் தெய்வம் என்று துணிந்தான், ஒருவருக்கும் சொல்லவில்லை, தொடர்பின்றி ஒரே வீட்டில் வாழ்ந்தான். அவன் அவரை வெறுத்ததாகவோ அடித்துத் துன்புறுத்தியதாகவோ கதையில் இல்லை. தம்மினும் உயர்ந்த மனைவியோடு வாழும் வழியை அவனுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இன்றும் கல்வியிலோ பதவியிலோ ஊதியத்திலோ மனைவி உயர்ந்துவிட்டால் மனம் குன்றிப்போகும் ஆடவரை நாம் காண்கிறோம் அல்லவா?

பரமதத்தன் மரக்கலம் ஒன்று கட்டுவித்தான். கடல் கடந்து பொருளீட்டப் போவதாகச் சுற்றத்தாரிடம் கூறிப் புறப்பட்டான். திரும்பி வந்தவன் காரைக்காலில் இறங்கவில்லை. பாண்டிநாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் தங்கி, அங்கே ஒரு வணிகர் மகளை மணந்து, பழைய வாழ்க்கையைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடாமல் வாழ்ந்தான். ஒரு பெண்மகவு பிறந்தது. அதற்குப் புனிதவதியாரின் பெயரையே சூட்டினான்.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இப்பகுதி வெறும் புராணமாகத் தோன்றாது. அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் நம் முன்னோர் பலர் கப்பலேறினர். ரஜூலா கப்பலில் பினாங்கு வழியாக இங்கு வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிராங்கூன் சாலையிலும் தீவின் பிற பகுதிகளிலும் வாழ்கின்றனர். அக்காலத்தில் இந்நாட்டு இந்தியருள் ஆண்களே பெருந்தொகையினர். ஊரில் மனைவியை விட்டு வந்தவர்களுள் மிகப் பலர் மாதந்தோறும் பணம் அனுப்பிக் குடும்பத்தைக் காத்தனர். சிலர் இங்கேயே வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டனர். அங்கே கடிதத்தை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருந்த பெண்களைப் பற்றி யாரும் புராணம் பாடவில்லை. 1961ஆம் ஆண்டில் இந்நாட்டில் மாதர் சாசனம் நிறைவேறி, முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. அதற்கு முன் நிகழ்ந்தவற்றை மூத்தோர் அறிவர், விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காரைக்காலில் புனிதவதியார் ஆண்டுகள் பலவாக மனையறம் வழுவாது காத்திருந்தார். பரமதத்தன் பாண்டிநாட்டில் இருப்பதைக் கேள்வியுற்ற உறவினர், அவரைச் சிவிகையில் ஏற்றி அழைத்துச் சென்றனர். ஊர்ப்புறத்தில் தங்கிக் கணவனுக்குச் செய்தி அனுப்பினர். அவன் இரண்டாம் மனைவியையும் இளங்குழந்தையையும் உடனழைத்து வந்தான். வந்தவன், ஊரார் பார்க்க, புனிதவதியாரின் காலில் விழுந்தான். உம் அருளாலேயே வாழ்கிறேன், இக்குழந்தைக்கும் உம் பெயரையே இட்டேன் என்றான். கணவன் தம்மை வணங்கக் கண்ட அம்மையார் அஞ்சி ஒதுங்கிச் சுற்றத்தார் அருகே போய் நின்றார். உறவினர் திகைத்துக் காரணம் கேட்டனர். இவர் மானிடர் அல்லர், நீங்களும் வணங்குங்கள் என்றான் அவன்.

அங்கே நின்றுகொண்டிருந்த இரண்டாம் மனைவியின் நிலையை எண்ணும்போதெல்லாம் அடியேனின் மனம் கலங்கும். அப்பெண்ணின் பெயரைக்கூடச் சேக்கிழார் சொல்லவில்லை. தன் கணவனுக்கு முன்பே ஒரு மனைவி இருந்ததை அவள் எப்போது அறிந்தாள்? தன் மகளின் பெயர் யாருடைய பெயர் என்பதை அன்றுதான் அறிந்தாளோ? ஒருவரையும் குற்றவாளியாக்காத இக்கதையில் துன்பம் மட்டும் எல்லார்க்கும் பங்கிடப்பட்டிருக்கிறது.

இதே போன்ற இன்னொரு வணிகர் மகளைத் தமிழிலக்கியம் அறியும். புகார் நகரத்துக் கண்ணகியும் கணவனைப் பிரிந்து காத்திருந்தவளே. அவளையும் விதி பாண்டிநாட்டிற்கே அழைத்துச் சென்றது. கண்ணகியின் கணவன் திரும்பி வந்தான். அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக அவள் மதுரையை எரித்தாள். சினத்தின் உச்சியிலும் அவள் கோவலன் மனைவியே. புனிதவதியாரின் கணவன் உயிரோடு, நலமாக, காலடியில் கிடக்கிறான். எரிப்பதற்கு ஊருமில்லை, வழக்குரைப்பதற்கு அரசவையுமில்லை. மனைவி என்னும் நிலை மட்டுமே அவரிடம் எஞ்சியிருந்தது. அதனையும் அவன் வணங்கி எடுத்துவிட்டான்.

அப்போது அவர் இறைவனிடம் ஒன்றை வேண்டினார். இவனுக்காகவே தாங்கியிருந்த இந்த அழகும் தசையும் இனி வேண்டா. நின் திருவடியைப் போற்றும் பேய்வடிவு எனக்கு அருள்க என்பதே அவ்வேண்டுதல். அவ்வாறே ஆயிற்று. உடலின் வனப்பெல்லாம் உதிர்ந்து எலும்புருவானார். வானத்தார் பூமழை பொழிந்தனர். மண்ணிலிருந்த உறவினரோ அஞ்சி வணங்கி அகன்றனர். சிவிகையில் ஏற்றி வந்தவர்களே அவரைத் தனியே விட்டுச் சென்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

அழகைத் துறந்தார் என்று உரையாசிரியர்கள் எளிதாகச் சொல்லிச் செல்வர். பெண்ணின் அழகு அவளுக்கு உரியதா, அதனைக் காண்பவனுக்கு உரியதா என்னும் கேள்வி அவ்வேண்டுதலுக்குள் இருக்கிறது. கணவனுக்கென்று பேணி வைத்த ஒன்றை, அவன் வேண்டாவென்றபின், வேறு எவர் கண்ணுக்கும் உரியதாக்க அவர் விரும்பவில்லை. தனித்து வாழும் இளம்பெண்ணை உலகம் எக்கண்ணால் நோக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அச்சந்தரும் உருவே அவருக்குக் காப்பாகவும் விடுதலையாகவும் அமைந்தது.

இதுவரை சொன்னவை சேக்கிழார் வாக்கைத் தழுவியவை. அம்மையார் தம் வாயால் அருளியவை மூன்று நூல்கள். மூன்றும் பதினோராந் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்கள் கொண்டது. திருவிரட்டை மணிமாலை 20 பாடல்கள். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22. ஆக 143 பாடல்கள். அந்தாதித்துப் பாடும் முறையைத் தனிநூலாக வளர்த்தவரும், பதிகம் என்னும் அமைப்பிற்கு வழிகாட்டியவரும் அவரே என்பர். தேவார மூவர்க்கு முன்னே பாடப்பெற்றமையால் அப்பதிகங்களை மூத்த திருப்பதிகம் என்று வழங்குகிறோம். பண்ணோடு தமிழ் பாடிக் கடவுளைக் கண்ட நெடிய மரபின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி நிற்கிறார்.

அப்பாடல்களில் மாம்பழம் இல்லை. பரமதத்தன் இல்லை. புனிதவதி என்னும் பெயரும் இல்லை. தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறித்துக்கொள்கிறார். பிறந்து மொழி கற்ற நாள்தொட்டு இறைவன்பால் காதல் மிகுந்ததை அந்தாதியின் தொடக்கத்திலேயே சொல்கிறார். அவன் தம் துயரைக் களையாவிட்டாலும், இரங்காவிட்டாலும், தம் நெஞ்சத்து அன்பு மாறாது என்கிறார். கைம்மாறு கருதாத அன்பு அது. இவ்வுலகில் ஒருமுறை கைவிடப்பட்டவர் சொல்லும்போது அதன் கனம் கூடுகிறது என்று எண்ணுகிறேன். வேறிடங்களில் கேலியும் உண்டு. இறைவன் அணிந்த பாம்பைக் கண்டு மலைமகள் அஞ்சுவாளே என்று அக்கறையோடு எச்சரிக்கிறார். பாம்பை விடுத்துப் பொன்னாரம் பூணலாகாதா என்று உரிமையோடு கேட்கிறார். தாய் மகனைக் கடியும் குரல் அதில் கேட்கும்.

ஆலங்காட்டுப் பதிகத்தின் தொடக்கம் இன்னும் துணிவுடையது. பெண்ணின் உறுப்புகளை அடிமுதல் முடிவரை அழகுபடப் புனைவது தமிழ்ப் புலவர்க்குக் கைவந்த கலை. புனைந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். அம்மையார் அதே உறுப்புகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, வற்றிய கொங்கையும் குழிந்த கண்ணும் புடைத்த நரம்பும் உடைய ஒரு பெண்பேயை நம்முன் நிறுத்துகிறார். அப்பேய் சுடுகாட்டில் அலறி உலவுகிறது. அச்சுடுகாட்டிலேயே அப்பன் ஆடுகிறான். எவரும் விரும்பாத உடல், எவரும் நாடாத இடம். கூத்தன் குடியிருப்பது அங்கே.

பேயுருக் கொண்ட அம்மையார் கயிலைக்கு நடந்தார். இறைவன் உறையும் மலையில் காலால் மிதித்தல் ஆகாதென்று தலையால் நடந்தார். எலும்புருவாய் ஏறிவரும் இவர் யாரென்று உமையம்மையார் வினவ, நம்மைப் பேணும் அம்மை இவள் என்றார் பெருமான். அருகே வந்ததும் அம்மையே என்று அழைத்தார். இவர் அப்பா என்று அடிபணிந்தார். தாயும் தந்தையும் இல்லாத பிறவாப் பெருமான், பிள்ளை பெறாத ஒரு பெண்ணைத் தாய் என்றார். பிள்ளைப்பேறு இல்லையென்று ஏச்சுக்கேட்டு அழுதபடி நம் ஆலயங்களில் வந்து நிற்கும் பெண்களுக்கு இவ்வோரிடத்தையேனும் யாராவது எடுத்துச் சொல்லலாம்.

என்ன வேண்டும் என்று இறைவன் கேட்டபோது, பிறவாமை வேண்டும், பிறந்தால் மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின்கீழ் பாடியிருக்க வேண்டும் என்றார். ஆலங்காட்டிற்குச் செல்லுமாறு அருளினார் பெருமான். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்தலம், கூத்தபிரானின் ஐந்து சபைகளுள் இரத்தினசபை விளங்குமிடம். அம்மையார் தலையால் நடந்த ஊரென்று திருஞானசம்பந்தப் பிள்ளையார் அவ்வூரைக் காலால் மிதிக்க அஞ்சி அருகிலுள்ள ஊரில் தங்கினார் என்பது பெரியபுராணச் செய்தி. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் அவரைப் பேயார் என்றே குறித்து வணங்குகிறார்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1739 முதல் 1954 வரை இருந்தது. அங்கே அம்மையாருக்குத் தனிக்கோயில் உண்டு. ஆண்டுதோறும் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பர். தேக்கா சந்தையில் மாம்பழம் குவியும் நாள்களில் அக்காட்சி நம் நினைவுக்கு வருவது இயல்பு.

சோழர் காலச் சிற்பிகள் அம்மையாரின் பேயுருவைச் செம்பிலும் கல்லிலும் விரும்பிச் செய்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் அவர் தாளமிட்டு அமர்ந்திருக்கிறார். செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சிங்கப்பூரிலிருந்து செல்வதற்கு எளிதானது கம்போடியா. அங்கோர் அருகே 967ஆம் ஆண்டில் வழிபாட்டிற்கு வந்த பாந்தியாய் ஸ்ரெய் என்னும் சிவாலயத்தில், வாயிலின் மேலுள்ள சிற்பமொன்றில் இறைவன் பல கரங்களோடு ஆடுகிறான். அவன் திருவடிக்கருகே மெலிந்து தளர்ந்த முலையுடைய ஒரு பெண்ணுருவம் அமர்ந்திருக்கிறது. அவர் காரைக்கால் அம்மையாரே என்பது அறிஞர் பலரின் முடிபு. சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பரமதத்தன் கப்பலேறிய அதே கடலைத் தாண்டி, அம்மையார் இப்பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்.